மால்டாவில் வீட்டு நெட்: பெர்மிட் ஒரு வருடம், ஒப்பந்தம் 24 மாதம். என்ன செய்வது?

பின்_அறை:

எல்லோருக்கும் வணக்கம். மால்டா வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, பாதி நாள் இரவு ஷிப்ட். இதுவரை கம்பெனி கொடுத்த இடத்தில் இருந்தேன். அடுத்த வாரம் பிர்கிர்காராவில் ஒரு பழைய வீட்டுக்கு இன்னும் மூன்று பெண்களோடு மாறுகிறேன். வாடகை ஒப்பந்தம் ஒரு வருடம், என் பெர்மிட்டும் ஒரு வருடம், அதற்குப் பிறகு புதுப்பித்தால்தான் உண்டு.

வீட்டுக்காரர் நெட் இருக்கிறது, வாடகையிலேயே சேர்த்தி என்றார். போய்ப் பார்த்தால் முன் ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு ரோட்டர் (வைஃபை பெட்டி) இருக்கிறது. எனக்கு ஒதுக்கியது பின் அறை, நடுவில் இரண்டு சுவர், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளத் தடிமன். அங்கே நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன், பையனின் முகம் கட்டம் கட்டமாக உறைந்துபோய் குரல் மட்டும் விட்டு விட்டு வருகிறது. இதற்காகத்தானே அறையே எடுக்கிறேன், வேலை முடிந்து வந்து அவனோடு பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, நானே தனியாக ஒரு இணைப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனேன். 24 மாதக் கையெழுத்து கேட்கிறார்கள். ஒரு வருடத்தில் பெர்மிட் வராமல் நான் ஊருக்குப் போக வேண்டி வந்தால் மீதிப் பணத்தை யார் கட்டுவது? கூட வேலை பார்க்கும் ஒருவர், இத்தாலி சிம் மலிவு, அதை வாங்கிக்கொண்டு வந்து இங்கேயே வைத்து ஓட்டு, ஐரோப்பாவில் ரோமிங் இலவசம்தானே என்கிறார். எந்தக் கம்பெனி நல்லது, 24 மாதம் போடலாமா, இத்தாலி சிம் ஓடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாடிவீடு:

கம்பெனியைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். மொத்தமே கோ, மெலிட்டா, எபிக் என்று மூன்றுதான். எபிக் என்பது பழைய வோடஃபோன், 2020-ல் பெயர் மாறியது, பழைய ஆட்கள் இன்னும் வோடஃபோன் என்றே சொல்வார்கள். நாடே 316 சதுர கிலோமீட்டர், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு டிராஃபிக் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது (டிராஃபிக் இல்லாத நாளை நான் இன்னும் பார்க்கவில்லை). கைபேசியில் சிக்னல் இல்லாத இடம் என்று தேடினால்தான் கிடைக்கும். நான் மூன்றிலும் இருந்துவிட்டேன், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.


கேபிள்காரன்:

வணக்கம் சகோதரி. நான் இங்கே மூன்று வருடம் வீடு வீடாகக் கம்பி இழுக்கும் சப் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன், இப்போது வேறு வேலை. உங்கள் கேள்விக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பிரச்சினை சுவர். தனி இணைப்பு எடுத்தாலும் புதுக் கம்பியும் அதே முன் ஹாலுக்குத்தான் வரும், அப்புறம் ஒரே டிவிக்குப் பின்னால் இரண்டு ரோட்டர் உட்கார்ந்திருக்கும், உங்கள் அறையில் அதே ஒரு கோடு சிக்னல்தான்.

இங்கே பழைய வீடுகள் எல்லாம் அந்த மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை, உள்ளூரில் ஃப்ராங்கா என்பார்கள். வெளிச்சுவர் பல வீடுகளில் இரட்டைச் சுவர். கோடையில் உள்ளே கொஞ்சம் குளுமையாக இருப்பதற்கு அந்தத் தடிமனும் ஒரு காரணம், வைஃபை சாவதற்கும் அதுவே காரணம். ரோட்டர் விடும் இரண்டு அலைகளில், குறிப்பாக 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கல் சுவரைத் தாண்டவே திணறும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரோட்டர்கள் எல்லாம் அதில்தான் நெரிசலாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ரோட்டருக்கு ஒரு அடி பக்கத்தில் நின்று வேகம் பாருங்கள், பின் அறையில் ஒரு முறை பாருங்கள். ரோட்டர் பக்கத்திலேயே மோசம் என்றால் குறை இணைப்பில், வீட்டுக்காரரிடம் பேசுங்கள். பக்கத்தில் நன்றாக இருந்து பின் அறையில் செத்துப்போனால் ஒரு பைசா இணைப்புக்குச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து, சுவரிலிருந்து ரோட்டருக்கு வருவது எந்தக் கம்பி என்று பாருங்கள். தடித்த கறுப்போ வெள்ளையோ கம்பி, முனையில் திருகு மாதிரி இருந்தால் அது கோஆக்ஸ், கேபிள் டிவிக் கம்பி. மெலிட்டா பெரும்பாலும் இப்படித்தான், கேபிள் டிவியாகத் தொடங்கிய கம்பெனி. அந்தக் கம்பியிலேயே 2018 வாக்கில் தீவு முழுக்க கிகாபிட் கொண்டுவந்துவிட்டார்கள். டவுன்லோட் நல்ல வேகம், அப்லோட் அதைவிட ரொம்பக் குறைவு, ஆனாலும் வீடியோ காலுக்கு அது தாராளம். மெல்லிய, நூல் போன்ற கம்பி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு கம்பி ரோட்டருக்கு வந்தால் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை. ஃபைபர் என்றால் உங்களுக்கு யோகம், ஏனென்றால் வெள்ளைப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டரை மட்டும் ஒரு நீள ஈதர்நெட் கம்பியில் வேறு இடத்துக்கு நகர்த்தலாம். கோஆக்ஸ் என்றால் ரோட்டரை நகர்த்துவது கஷ்டம், அதிலிருந்து ஈதர்நெட் இழுத்து இரண்டாவதாக ஒரு பெட்டி வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? வீட்டுக்கு நடுவில் முற்றம் இருக்கிறதா? பழைய மால்டா வீட்டில் அனேகமாக இருக்கும். முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் ரோட்டரை வையுங்கள். கல்லைத் தாண்டாத அலை கண்ணாடியைத் தாண்டும், முற்றத்தின் குறுக்கே போய் எதிர் ஜன்னல் வழியாக உங்கள் அறைக்குள் வரும். எத்தனையோ வீடுகளில் இதைச் செய்து கொடுத்துவிட்டு டீயும் பாஸ்டிட்ஸியும் (இங்கத்து பஃப்ஸ்) வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

கடையில் மெஷ் செட், அதாவது வீட்டில் பல இடங்களில் வைக்கும் வைஃபை பெட்டிகள், விற்கப் பார்ப்பார்கள். ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசும் மெஷ்ஷும் அதே சுவரில்தான் முட்டிக்கொள்ளும், கம்பியில் இணைத்தால் மட்டும் வாங்குங்கள். கரண்ட் கம்பி வழியாக நெட் அனுப்பும் பிளக்குகள் பழைய வயரிங்கில் ஓடினால் அதிர்ஷ்டம். ஊரிலிருந்து ரோட்டர் எதுவும் கொண்டுவரச் சொல்லாதீர்கள், நம்மூர் உருண்டை முள் பிளக் இங்கே நுழையாது, பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன மூன்று சதுர முள்தான்.


ஷிப்ட்_முடிஞ்சது:

கேபிள்காரன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். 24 மாதம் பற்றி நான் சொல்கிறேன், நான் சூடுபட்டவன்.

2022-ல் இதே மாதிரி ஆசையில் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதத்தில் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். புது வீட்டில் ஏற்கெனவே நெட் இருந்தது, எனக்கு இரண்டாவது இணைப்பு எதற்கு? ரத்து செய்யப் போனால் ஒரு தொகை சொன்னார்கள், எப்படி வந்தது என்று கேட்டால் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் கட்டினேன். என் தப்பும் உண்டு, கையெழுத்துக்கு முன்னால் கொடுத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தவன் திறந்தே பார்க்கவில்லை.

அந்தக் காகிதம் முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தச் சுருக்கம் என்று ஒன்றைக் கொடுக்க வேண்டும், ஒரே சேவை என்றால் ஒரே பக்கம். காலம், மாதத் தொகை, முன்கூட்டியே முறித்தால் என்ன ஆகும், எல்லாம் அதில் இருக்கும். மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் படிக்கத் தடையில்லை. 24 மாதம்தான் உச்சம், அதற்கு மேல் கட்டிப்போட முடியாது. 24 முடிந்து தானாக நீண்டால், ஒரு மாத நோட்டீஸில் வெளியே வந்துவிடலாம். போனிலோ இணையத்திலோ ஒப்பந்தம் போட்டிருந்தால் 14 நாளுக்குள் மனம் மாற உரிமை உண்டு, கடைக்கு நேரில் போய்ப் போட்டால் அது கிடையாது. அதனால் எடுப்பதாக இருந்தால் கவுன்ட்டரில் போய் நிற்காதீர்கள், வீட்டிலிருந்தே போடுங்கள். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், பதில் சரியில்லை என்றால் எம்சிஏ, அதாவது மால்டா கம்யூனிகேஷன்ஸ் அத்தாரிட்டி. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

பெர்மிட் ஒரு வருடம் என்கிற நிலையில் என் ஓட்டு பிரீபெய்டுக்குத்தான். சிம் போடும் ரோட்டர் ஒன்று வாங்கி அதில் பிரீபெய்டு போட்டு ஜன்னலோரம் வைத்தாலும் ஒரு ஆளுக்குப் போதும்.


தோசைமாவு:

இத்தாலி சிம் ஓடும். நான் இரண்டு மாதமாக ஓட்டுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. வலேட்டாவிலிருந்து கப்பலில் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பொட்ஸாலோ போய் இறங்கி வாங்கினேன், ஒரு நாள் சுற்றுலா மாதிரியும் ஆச்சு. இங்கே ஏன் வீணாகக் கொடுக்க வேண்டும்?


கணக்குப்பிள்ளை:

தோசைமாவு, இரண்டு மாதம்தானே ஆகிறது, நாலு மாதம் ஆகட்டும். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு இல்லை, 2032 ஜூன் வரை நீட்டியும் விட்டார்கள், சரி. ஆனால் அது ஊர் சுற்றுபவனுக்கு, குடியிருப்பவனுக்கு இல்லை. நாலு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்து, சொந்த நாட்டைவிட வெளியேதான் அதிகம் இருந்திருக்கிறாய், அதிகம் பயன்படுத்தியும் இருக்கிறாய் என்றால், கம்பெனி ஒரு எச்சரிக்கை அனுப்பலாம். 14 நாளில் பழக்கம் மாறவில்லை என்றால் கூடுதல் காசு போடலாம். உன் சிம் இத்தாலியையே பார்க்காமல் மால்டாவில் உட்கார்ந்திருக்கிறது, மாட்டாமல் எப்படி?

டேட்டாவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அன்லிமிடெட் என்றோ, ரொம்ப மலிவாகவோ கொடுக்கும் பேக்கில் ரோமிங்குக்கு ஒரு வரம்பு வைக்க அனுமதி உண்டு. வரி நீக்கி வரும் மாத விலையை மொத்த விற்பனை உச்சவிலையால் (ரோமிங் டேட்டாவுக்கு ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச விலை) வகுத்து இரண்டால் பெருக்கு. அந்த உச்சவிலை 2025-ல் ஜிபிக்கு 1.30 யூரோ, 2026-ல் 1.10, 2027-ல் 1 யூரோ. வரி நீக்கி 10 யூரோ பேக் என்றால் 2026-ல் கொடுக்க வேண்டியது சுமார் 18 ஜிபி. இத்தாலிக்குள் 200 ஜிபி என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதே. தினமும் வீடியோ கால் போடும் அம்மாவுக்கு 18 ஜிபி மாதக் கடைசி வரை தாங்குமா என்று நீயே சொல்.

கப்பல் என்றதும் இன்னொன்று. கப்பலிலும் விமானத்திலும் சாட்டிலைட் வழியாக வரும் நெட்வொர்க்குக்கு இந்த ரோமிங் விதி கிடையாது. கரை மறைந்ததும் ஏரோபிளேன் மோடு போட்டுவிடு.


தோசைமாவு:

அண்ணே, போன வாரம் இத்தாலி மொழியில் ஒரு மெசேஜ் வந்தது, விளம்பரம் என்று அழித்துவிட்டேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.


கோசோ_அக்கா:

தங்கச்சி, நான் மால்டாவின் இரண்டாவது தீவான கோசோவில் ஏழு வருடமாக இருக்கிறேன், பேசாமல் ஒரு விஷயம் கேள். நெட்டும் சிம்மும் தனித்தனிக் கம்பெனியாக வைத்துக்கொள். வீட்டு நெட் கோ என்றால் கையில் எபிக்கோ மெலிட்டாவோ. 2023 ஜூலை வெயிலில் நாள் கணக்காகக் கரண்ட் போய்ப் போய் வந்ததே, அப்போது வீட்டில் ஃபைபர் பெட்டியும் ரோட்டரும் அணைந்து கிடந்தன, கூடவே அந்தக் கம்பியில் ஓடும் வீட்டு போனும் போச்சு. பழைய செப்புக் கம்பி போனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும், இதற்கு வீட்டுக் கரண்ட்தான். எதிர்வீட்டு நன்னா (பாட்டி) ஒருத்தி, எண்பதைத் தாண்டியவள், மகளுக்கு போன் போட வேண்டும் என்று என் கதவைத் தட்டினாள். என் கைபேசியில் இருந்த பிரீபெய்டு சிம்தான் அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும். ஒரு நல்ல பவர் பேங்க் வைத்துக்கொள்.

அப்புறம் ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதே. வங்கி ஓடிபி அதில்தான் வரும். இங்கே வாங்கும் எண்ணை இசிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) எடுத்துக்கொண்டு ஊர் சிம்மைப் பழைய இடத்திலேயே விடு, ரோமிங் டேட்டாவை மட்டும் அணைத்து வை, அங்கே யாரையாவது மறக்காமல் வேலிடிட்டி ரீசார்ஜ் போடச் சொல். வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ கிடைக்கும் என்று யாராவது சொன்னால், 2023-ல் முதலில் விட்ட பத்து நாட்டுப் பட்டியலில் மால்டா இல்லை. நானும் தேடித் தேடிப் பார்த்தேன்.

79-ல் தொடங்கினால் கோ, 99 என்றால் எபிக், 77 என்றால் மெலிட்டா என்பதெல்லாம் பழைய கதை. எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம், ஒரு வேலை நாளில் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று விதி. பழைய பிரீபெய்டில் மிச்சப் பணம் இருந்தால் கேட்டு வாங்கு, கேட்காவிட்டால் தர மாட்டார்கள். உள்ளூர் எண்ணிலிருந்து போன் வருகிறது என்பதற்காக நம்பியும் விடாதே, மால்டா எண்ணைப் போலியாகக் காட்டி வங்கி, போலீஸ் என்று மிரட்டும் ஆட்கள் நிறைய.


மாடிவீடு:

இரண்டு கம்பெனி வைப்பது வீண் செலவு என்றுதான் நான் சொல்வேன், நெட், டிவி, கைபேசி மூன்றையும் சேர்த்து ஒரே பில்லில் எடுத்தால் தள்ளுபடி கிடைக்கிறது. ஆனால் அந்த ஜூலையில் நானும் மொட்டை மாடியில்தான் படுத்திருந்தேன், அதனால் அக்காவோடு சண்டை போட வரவில்லை.


பின்_அறை:

எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்து வந்து இப்போதுதான் முழுக்கப் படித்தேன். நேற்று சாவி வாங்கப் போனபோது சோதனை செய்தேன். ரோட்டர் பக்கத்தில் 310 எம்பிபிஎஸ், பின் அறையில் 4. நாலுதான். கதவை மூடினால் 2. கம்பி மெல்லியது, வெள்ளைப் பெட்டி இருக்கிறது, கேபிள்காரன் அண்ணா சொன்ன மாதிரியே. முற்றமும் இருக்கிறது, நடுவில் ஒரு எலுமிச்சைச் செடி, அதன் அந்தப் பக்கம் என் ஜன்னல்.

அறைத்தோழி ஒருத்தியிடம் பத்து மீட்டர் ஈதர்நெட் கம்பி இருந்தது. ஹாலிலிருந்து கதவு இடுக்கு வழியாக இழுத்து ரோட்டரை முற்றத்து ஜன்னல் திண்டில் வைத்தோம். பின் அறையில் 85 காட்டியது! மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அங்கேயே நின்று பையனுக்குப் போட்டேன், பல் விழுந்த இடத்தைக் காட்டினான், ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. தனி இணைப்பு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கையில் வேறு கம்பெனி பிரீபெய்டு ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு சிக்கல். டிவிப் பெட்டிக்கு ரோட்டரிலிருந்து ஒரு கம்பி போய்க்கொண்டிருந்தது, அது இப்போது எட்டவில்லை. டிவி நாங்கள் யாரும் பார்ப்பதில்லை, ஆனால் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வாடகை வாங்க வரும்போது ஃபுட்பால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாராம், முன்னால் குடியிருந்தவர்கள் சொன்னார்கள்.


கேபிள்காரன்:

டிவிப் பெட்டியின் செட்டிங்ஸில் வைஃபை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கடவுச்சொல்லைப் போட்டுவிடுங்கள், ஹாலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு என்றால் எடுக்கும். இல்லாவிட்டால் இன்னொரு பத்து மீட்டர் கம்பி. ஞாயிறுக்கு முன்னால் வாங்கிவிடுங்கள், இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை பெரும்பாலும் பூட்டு.